முதல் எலுமிச்சை

அப்துல் பாரி தட்டிலிருந்து ஓர் எலுமிச்சையை எடுத்து முகர்ந்தார். கட்டைவிரலால் அழுத்தினார். காதருகே வைத்து உலுக்கியும் பார்த்தார். முன்பு தேங்காய் மொத்த வியாபாரம் செய்தவர்.

“மத்த பழத்தைவிட ஒரு வாரம் கூடத் தாங்குது சயா. எனக்கு இது போதும். லாரி வந்து சேர்றதுக்குள்ளதான் பாதி மூட்டை பூசணம் பூத்துடுது.”

சயா என்றால் பர்மிய மொழியில் வாத்தியார். முரளிதரன் எவருக்கும் பாடம் நடத்தியதில்லை. நுண்ணுயிரியல் படித்தவன் என்பதால் லான்மடாவ் பழக்கடைகளில் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது.

“போதாது பாய்,” என்றான்.

“நல்லாருக்கே! வாங்குற நான் போதும்ன்றேன், விக்கிற நீங்க போதாதுன்றீங்க. யாவாரம் உருப்பட்ட மாதிரிதான்.”

எலுமிச்சை வேரடி மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவை வளர்த்து, அது கசியவிடும் சாரத்தை வடித்தெடுத்து, அதில் பழங்களை முக்கி எடுப்பான். அவன் சேர்க்கும் அளவுக்குப் பூசணம் சாகாது. பழம்தான் உசுப்பேறும். கிளையை விட்டு வந்த பிறகும் தோலில் உயிர் இருக்கிறது. பகை வருகிறது என்று தெரிந்தால் தன் ஆயுதங்களைத் தானே எடுத்துக்கொள்ளும்.

பறித்த பழத்துக்கே அவ்வளவு ரோஷம். முரளிதரனுக்குத் தாடி மட்டும் வளர்ந்திருந்தது.

போன மழைக்காலத்தில் அவன் மனைவி சத்யபாமா படுத்த படுக்கையானபோது, மாமியார் பவுனம்மாள் காளி கோயிலிலிருந்து குங்குமம் வைத்த எலுமிச்சை ஒன்றைக் கொண்டுவந்து மகளின் தலைமாட்டில் வைத்தாள். அது அழுகாமல் இருக்கும்வரை பயமில்லை. அழுகினால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

முரளிதரனுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆகவே நம்பிக்கை இல்லாதவன் செய்யக்கூடியதைச் செய்தான். பாமா கண்ணயர்ந்திருந்தபோது பழத்தைச் சாரத்தில் முக்கித் துடைத்து, கரைந்துபோன குங்குமத்தை மறுபடி இட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தான்.

அவள் மனம் தளர்ந்துவிடக் கூடாது. அவ்வளவுதான்.

மழை முழுக்க அந்தப் பழம் நின்றது. வேலை விட்டு வந்ததும் வராததுமாக லென்ஸை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவான். ஒரு புள்ளி இல்லை. சில நாட்களில் முந்தின நாளைவிடத் தோல் மினுமினுத்தது. பழம் விழித்துக்கொண்டது என்று மீசையை முறுக்கிக்கொண்டான்.

பழம் பிழைத்தது. பாமா பிழைக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து படாத இன்னொன்று வேண்டும். கல்லூரியின் முதல் பாடம் அது. அவனிடம் ஒரே எலுமிச்சைதான் இருந்தது. ஒரே பாமா.

பதினாறாம் நாள் காரியத்துக்குள் அந்தப் பழத்திலும் பூசணம் பூத்தது. துக்கம் தாங்காமல் போய்விட்டது என்று நினைத்தான், அறிவியல் பட்டதாரி. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பட்டத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

அதன்பிறகு இந்த மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை வீட்டில் மின்சாரம் வரும் நேரமெல்லாம் பாக்டீரியா வளர்ப்புதான். மண்ணை மாற்றினான். சூட்டை மாற்றினான். குங்குமம்கூட வைத்துப் பார்த்தான். எந்தப் பழமும் ஒரு வாரத்துக்கு மேல் கூடுதலாக நிற்கவில்லை.

முதல் பழத்தில் மட்டும் என்ன இருந்தது? அது தெரியாமல் விற்க அவனுக்கு மனமில்லை. பாமாவுக்காக அவன் செய்ததில் பலித்தது அது ஒன்றுதான்.

பவுனம்மாள் டீ கொண்டுவந்தாள். கன்னத்தில் அரைத்துப் பூசிய தனாக்கா மரப்பட்டை இன்னும் காயவில்லை.

“அத்தையைக் கேளுங்க பாய். பாமா தலைமாட்டுல இருந்த பழம் எவ்வளவு நாள் நின்னுச்சுன்னு.”

“எந்தப் பழம் மாப்பிள்ளை?”

“கோயில் பழம்தான். ஒரே பழம், மழை முழுக்க நிக்கலையா?”

பவுனம்மாள் தட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். கையிலிருந்த டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள்.

“ஒரு பழம் எங்க நின்னுச்சு? வெள்ளிக்கு வெள்ளி நான்ல மாத்தி வெச்சேன். அந்தப் புள்ளதான் சொல்லுச்சு. ‘அவரு வந்ததும் என் மூஞ்சியப் பாக்குறதுக்கு முன்னாடி அதைத்தான் பாக்குறாரு. அழுகிப்போச்சுன்னா தாங்க மாட்டாரும்மா’ன்னு.”

அப்துல் பாரி கையிலிருந்த பழத்தைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தார்.

தெருவில் ஒரு சைக்கிள் ரிக்ஷா மணியடித்துக்கொண்டு போனது.

லென்ஸ் வைத்துத்தான் பார்த்தான், தினமும்.

“பாய்,” என்றான் முரளிதரன். “ஒரு வாரம்னே வெச்சுக்குவோம்.”