உச்சியில் நிறுத்துங்க!

"தனியா காசு கட்டுனா ஒரு ஆளு கூடவே வந்து சுத்திக் காட்டுவாராமே, எங்களுக்கும் வோணும்ணா" என்றாள் ஜெயசீலி. கையில் ஐந்து வயது மகள்.

சித்தூர் பொருட்காட்சியில் அந்த ஆள் உமாபதிதான். "வாம்மா, மேஜிக்ல ஆரம்பிக்கலாம்."

"அதெல்லாம் வாணாம். ராட்டினம் போதும். நாலு மணிக்கு எங்க பொட்டி உச்சில நிக்கணும். நீங்க சொன்னா நிறுத்துவாங்களாமே?"

காசுள்ளவர்களின் கிறுக்கு என்று நினைத்தபடி உமாபதியும் ஏறிக்கொண்டார். உச்சியில் ராட்டினம் நின்றது.

"அதோ பார் பாப்பா, மலை!" என்றார் உமாபதி.

பாப்பா மலையைப் பார்க்கவில்லை. கீழே, மைதானத்தை ஒட்டிய ஜெயில் மதிலுக்கு உள்ளே பார்த்தது. கைதிகளை அப்போதுதான் முற்றத்தில் விட்டிருந்தார்கள்.

"மனு போட்டு பாக்கப் போனாலும் இவங்கப்பா எங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்றாருண்ணா" என்றாள் ஜெயசீலி.

"நைனா!" என்று கத்திக் கையாட்டியது குழந்தை.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் மட்டும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். வேறு யாரோ ஒரு கைதி சிரித்துக்கொண்டே கையாட்டினார்.

"அம்மா, நைனா என்னப் பாத்துட்டாரு! கையாட்றாரு!"

"ஆமா கண்ணு, நைனாதான்" என்றாள் ஜெயசீலி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரின் முதுகையே பார்த்தபடி.