பல்லியே சொல்லிவிட்டது

ஒரு வீட்டுப் பரணில் பல்லி ஒன்று குடியிருந்தது. குடியிருந்தது என்று பேர்தானே தவிர, வாலை நீட்டக்கூட அங்கே இடமில்லை. ஓட்டை வாளி, கால் உடைந்த ஸ்டூல், பிள்ளைகளின் பழைய பாடப் புத்தகங்கள். நடுவில் காலி மிக்ஸிப் பெட்டி ஒன்று மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

"உன் மிக்ஸியைத்தான் எப்பவோ பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்களே, நீ இன்னும் எதுக்கு?" என்று பல்லி கேட்கும்.

"ரிப்பேருக்குக் கொண்டுபோக நான் வேணுமில்ல?" என்று பெட்டி நெஞ்சை நிமிர்த்தும்.

போகிக்கு முதல் நாள், வீட்டுக்காரி மனோன்மணி எல்லாவற்றையும் கீழே இறக்கினாள். வெறும் பரணில் பல்லி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடிப் பார்த்தது. அடடா, எவ்வளவு பெரிய வீடு!

"இந்த வருஷம் ஒண்ணு விடாம வெளியே போடப்போறேன்" என்று மனோன்மணி பெட்டியைத் தூக்கினாள்.

புருஷன் தடுத்தான். "இருக்கட்டும், எல்லாமே என்னைக்காவது உதவும்."

பல்லியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இச் இச் இச்!"

மனோன்மணி சட்டென்று விரலால் தரையைத் தட்டிக்கொண்டாள். "பல்லியே சொல்லிடுச்சே! அப்ப உதவத்தான் செய்யும்."

எல்லாச் சாமானையும் பளிச்சென்று துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப ஏற்றினாள். பல்லி மறுபடியும் மூலையில் ஒடுங்கியது.

"எனக்காக நீ வாய்விட்டுச் சொன்னதை மறக்கவே மாட்டேன்" என்று பெட்டி தழுதழுத்தது.

பல்லி பதில் சொல்ல வாயைத் திறந்தது. அதற்குள் கீழே புருஷன், "பக்கத்து வீட்டுல ஒரு பழைய தொட்டில் சும்மா தர்றாங்களாம். பரண்ல போட்டு வைக்கலாமா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

திறந்த வாயைப் பல்லி அப்படியே மூடிக்கொண்டது.