நான் மாட்டிய தாழ்ப்பாள்

நான் நாடகக் கம்பெனித் தச்சன். எங்கள் மேடையின் நடுவில், கீழே இறங்க ஒரு பலகைக் கதவு உண்டு. போன மாதம் ஒத்திகையில் அது திறந்துகொண்டு, ராஜா வேஷக்காரர் விழுந்து செத்துப்போனார். பார்த்தால், கதவில் தாழ்ப்பாளையே காணோம்.

"மாட்ட மறந்துட்டீங்க பெரியவரே, வயசாயிடுச்சு" என்றார் டைரக்டர்.

"நான் மாட்டினேன். எவனோ கழட்டியிருக்கான்."

"எவன்? பேயா?" என்று சிரித்தான் தளபதி வேஷக்காரன். ராஜா வேஷத்துக்கு வருஷக்கணக்கில் நாக்கைத் தொங்கப்போட்டவன். இப்போது அவன்தான் ராஜா. இந்த நாடகம் முடிந்ததும் எனக்குச் சீட்டுக் கிழிப்பதாக முடிவு.

கதைப்படி, நண்பனைக் கொன்ற ராஜா விருந்து வைப்பான். காலி நாற்காலியில் செத்தவனின் ஆவியைக் கண்டு நடுங்குவான். நாற்காலி போடுவது என் வேலை. நாடகத்தன்று அதன்மேல் ஒரு துருவேறிய தாழ்ப்பாளை வைத்துவிட்டு வந்தேன்.

அவன் அதைப் பார்த்தான். வாய் கோணியது.

"கிணத்துல போட்டேனே! எப்படி எடுத்துட்டு வந்தே? போயிடு அண்ணே, போயிடு!"

ஜனங்கள் கைதட்டினார்கள். டைரக்டர் தட்டவில்லை. அந்த வசனம் நாடகத்தில் கிடையாது.

திரை விழுந்ததும் என்னிடம் ஓடிவந்தார். "பெரியவரே, கிணத்துல கிடந்தது எப்படி வந்துச்சு? நிஜமாவே ஆவியா?"

"ஆவியாவது, ஆட்டுக்குட்டியாவது! போன வாரம் கடையில வாங்கி, உப்புத் தண்ணியில ஊறப்போட்டது. பழசு கிணத்துலதான் கிடக்கும். எடுத்துப் பாருங்க, நான் மாட்டினேனா இல்லையான்னு!"