சவுண்டு டெஸ்டிங்

டிக்கியைத் திறந்ததுமே சூர்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செம்பாக்கத்தில் அப்பா விட்டுவிட்டுப் போன ஒரே மனையை விற்று, அக்கா கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த கார். சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. அதற்குள் மாமாவுக்கு அதில் பாட்டுச் சத்தம் பத்தவில்லையாம்.

"சும்மா அதிரணும் மச்சான். நம்ம வூட்டு காருதானே, பில்லு கில்லுன்னு ஆரம்பிச்சுடாத."

சொல்லிவிட்டு மாமா ஜெயகிருஷ்ணன் எதிர் டீக்கடையில் போய்க் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கிழக்குத் தாம்பரத்தில் கார்களுக்குப் பாட்டு செட் மாட்டித்தர சூர்யா வைத்திருப்பதே ஒற்றை ஷட்டர் கடை. அதில் இந்த மனுஷனுக்கு ஓசியில் சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டி வேறு. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க அவனுக்கும் தெரியும். ஆனால் இங்கே வாயைத் திறந்தால் அது அங்கே அக்கா தலையில்தான் விடியும். அவள் நல்லபடியாக வாழ வேண்டுமே என்று எல்லாவற்றையும் முழுங்கிப் பழகியிருந்தான்.

அந்த அக்கா, தமிழினி, முன் சீட்டை விட்டு இறங்கவே இல்லை.

பேட்டரியிலிருந்து டிக்கி வரைக்கும் வயர் இழுக்க, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து காலைத் தூக்கச் சொன்னான். தூக்கினாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். அவ்வளவுதான்.

அடுத்த வயரை டிரைவர் பக்கமாக இழுத்தான். இழுத்துக்கொண்டே, அம்மா இவளைப் பார்க்காமல் ஏங்குவதைச் சொன்னான். பதில் இல்லை. கார் வந்ததும் அக்காவுக்கும் கௌரவம் வந்துவிட்டது போல. பெற்றவள் பேச்சுக்கு ஒரு 'ம்' கொட்டக்கூட மனசு வரவில்லை.

பெட்டியை டிக்கிக்குள் இறுக்கி முடுக்கினான். ஆத்திரத்தில் ஒரு ஸ்க்ரூவின் தலையே வழுக்கிவிட்டது.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாட்டைப் போட்டான். கண்ணாடியெல்லாம் கிடுகிடுத்தது. டீக்கடையிலிருந்து மாமா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

சத்தம் அதிகமா என்று அக்காவைக் கேட்டான். அவள் ஜன்னலுக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டை அடியோடு நிறுத்திவிட்டுக் கேட்டான். அப்போதும் திரும்பவில்லை.

அவனுக்குப் பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து மாமா மேல் சேர்ந்த கோபமெல்லாம் அவள் மேல் திரும்பியது. வெடுக்கென்று அவள் தோளைத் தொட்டான்.

தமிழினி பதறிப்போய், இரண்டு கைகளாலும் முகத்தின் வலது பக்கத்தை மூடிக்கொண்டாள்.

கார் ஓட்டுகிற ஆளின் இடது கை எட்டுகிற பக்கம் அது.

தொட்டது தம்பிதான் என்று தெரிந்ததும் கைகளை இறக்கிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுடா. அந்தக் காது கேக்கல."

சூர்யா சாவியை உருவிக்கொண்டு இறங்கினான்.

அவள் பக்கம் போகவில்லை. நேராக டீக்கடைக்குப் போனான்.