புரத நோட்டு

"இருபத்தொரு நாளையும் ஒரே பேனாவுல எழுதினா குழந்தைகூட நம்பாதும்மா. அந்தக் கறுப்பைக் குடுங்க."

தலைமை எழுத்தர் கையை நீட்ட, எதிர் மேசைத் தட்டச்சர் தன் பேனாவைக் கொடுத்தாள். மேசைமேல் மருத்துவமனை நாள்வாரியாகக் கட்டம் போட்டுத் தந்த தடித்த நோட்டு விரிந்து கிடந்தது. எடை குறைக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் இருபத்தொரு நாள், தினமும் எழுபது கிராம் புரதம் சாப்பிட வேண்டும். சாப்பிட்டதை அன்றன்றே நோட்டில் எழுத வேண்டும். நாளைக் காலை உணவு ஆலோசகர் அதைப் பார்த்துத் திருப்தியானால்தான் ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்கும். நம்மவர் இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை. சாப்பிட்டால்தானே எழுதுவதற்கு!

மனைவி டப்பாவில் அடைத்து அனுப்பிய முட்டை வெள்ளைக்கருவும் அவித்த மீனும் ஒருநாள்கூட அலுவலக வாசலைத் தாண்டவில்லை. புரதப் பொடி டின்னும் அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் புண்ணியத்தில் வாசல் காவலாளிக்குச் சட்டைத் தையல் விட்டுப்போகிற அளவுக்குத் தோள் திரண்டுவிட்டது. தலைமை எழுத்தர் கேண்டீனில் கிரீம் பன்னோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

"உடம்பு விஷயம் சார். இதுல போய் விளையாடலாமா?" என்றாள் தட்டச்சர்.

"முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்மா! எத்தனை ஆய்வு பார்த்திருப்பேன்? வர்றவர் வேலையையா பார்ப்பார்? பதிவேட்டைத்தான் பார்ப்பார்."

அதில் அவர் கைதேர்ந்தவர். ஆய்வுக்கு முந்தின நாள் உட்கார்ந்து ஒரு வருடத்தையே எழுதி முடித்தவர். ஒன்பதாம் நாளில் வேண்டுமென்றே ஓர் அடித்தல் போட்டார். பன்னிரண்டாம் நாள் மீது ஒரு சொட்டு டீயைச் சிந்தி, ஊதிக் காயவைத்தார். பதினாறாம் நாளில் 'அறுபத்தாறு கிராம்தான் முடிந்தது, மன்னிக்கவும்' என்று எழுதினார்.

"மன்னிப்பு எதுக்கு சார்?"

"எல்லா நாளும் சரியா இருந்தா சந்தேகம் வரும்மா."

மாலையில் தட்டச்சர் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதும் அவர் தலை நிமிரவில்லை.

"மூணு வாரத்தை எழுத இவ்வளவு நேரமா சார்?"

"அரைகுறையா விடுற பழக்கம் நமக்கில்ல. ஒரு கட்டம் காலியா இருந்தாலும் ஆய்வாளர் நேரா அங்கதான் விரலை வைப்பார்," என்றார், கையை உதறிக்கொண்டே.

சும்மா சொல்லக் கூடாது, ஆபரேஷன் அவருக்கு உண்மையிலேயே வேண்டும். வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மனைவி அவருக்காக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு வைத்திருந்தாள். அதில் உட்கார்ந்து அவர் மூச்சு வாங்கும்போது, அக்கம்பக்கத்தார் உடம்பை ஒடுக்கிக்கொண்டு தாண்டிப் போவார்கள். அந்த ஸ்டூலைப் பார்த்தாலே அவருக்கு அழுகை முட்டும். இனியும் தள்ளிப்போட்டால் இதயம் தாங்காது என்று டாக்டரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவருக்கு ஆபரேஷன் வேண்டும், முட்டைதான் வேண்டாம்.

மறுநாள் காலை, அவருடைய மகள் வயதிருக்கும் உணவு ஆலோசகர் முதலில் எடை பார்த்தாள்.

"மூணு வாரத்துல முந்நூறு கிராம்தான் குறைஞ்சிருக்கு?"

"போன தடவை ஷூ போட்டிருந்தார் மேடம்," என்றாள் மனைவி மெதுவாக.

"உடம்புல நீர் கோத்திருக்கு மேடம், வேற ஒண்ணுமில்ல. நீங்க நோட்டைப் பாருங்க," என்று அவசரமாக அதை நகர்த்தி வைத்தார் தலைமை எழுத்தர்.

ஆலோசகர் இருபத்தொரு நாளையும் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். டீக் கறையைப் பார்த்தாள். மன்னிப்பைப் படித்துச் சிரித்தாள்.

"இவ்வளவு ஒழுங்கா இதுவரைக்கும் யாரும் எழுதினதில்ல சார். இந்தப் புரதம் எதுக்குன்னு ஞாபகம் இருக்குல்ல?"

"கல்லீரல் சுருங்கணும், தசை கரையக் கூடாது, அப்புறம் தையல் சீக்கிரம் ஆறணும். மனப்பாடம் மேடம்!"

"டப்பாவும் தினம் காலியாத்தான் வந்துச்சு," என்றாள் மனைவி. அவள் சொன்னது அவர் வயிற்றில் பால் வார்த்தது.

ஆலோசகர் முத்திரையை எடுத்து மைப் பெட்டியில் அழுத்தினாள். குத்துவதற்கு இடம் தேடி அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். இன்னொரு பக்கம் புரட்டினாள். பிறகு கடைசிப் பக்கத்துக்கே போனாள். முத்திரையைக் கீழே வைத்துவிட்டு நோட்டை மனைவியின் பக்கம் திருப்பினாள்.

"உங்களைப் பத்திக்கூட எழுதியிருக்கார்மா. கொஞ்சம் சத்தமா படிங்க."

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "'ஆபரேஷன் முடிந்து தொண்ணூறாவது நாள். புரதம் எழுபத்தைந்து கிராம். எடை இருபத்திரண்டு கிலோ குறைவு. இன்று மனைவியோடு நாலு மாடியும் ஏறினேன். ஸ்டூல் தேவைப்படவில்லை.'"

"வாழ்த்துகள் சார்," என்றாள் ஆலோசகர், முத்திரையை டிராயருக்குள் போட்டு மூடியபடி. "அதான் இளைச்சு முடிச்சிட்டீங்களே, இனிமே ஆபரேஷன் எதுக்கு?"