யார் வழி

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் இப்போதெல்லாம் நோயாளியின் குடும்பமும் கேள்வி கேட்கலாம். ஆய்வாளர் ஒரு பொய் சொன்னாலும் பட்டம் கிடையாது.

மரபணுவியல் மாணவி நஸ்ரினின் ஆறு வருட ஆய்வு, நடக்க முடியாத ஒரு சிறுவனின் நோயைப் பற்றியது. அவனுடைய அப்பா எழுந்தார்.

"இது யார் வழியா வந்துச்சு? இவ வழின்னா, இன்னைக்கே இவள அவங்க அம்மா வீட்ல விட்டுட்டு வந்துருவேன்."

பக்கத்தில் அவர் மனைவி செண்பகம் தலை குனிந்திருந்தாள்.

தாய் வழி என்று ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது. தேர்வாளர்கள் அதைப் படித்திருந்தார்கள். நஸ்ரின் செண்பகத்தைப் பார்த்தாள்.

"யார் வழியாவும் வரலண்ணே. பையனுக்குப் புதுசா உண்டானது."

அவர் பெருமூச்சு விட்டார். "எந்திரி செண்பகம், வீட்டுக்குப் போலாம்."

கதவு மூடும்வரை தேர்வாளர்கள் பேசவில்லை. பிறகு தலைவர் பேனாவை எடுத்து, பட்டம் பெறுவோர் பட்டியலில் நஸ்ரினின் பெயரை மெதுவாக அடித்தார்.