படகுக்கு வந்த மாப்பிள்ளைக் களை

கல்யாணசுந்தரி தூத்துக்குடியில் வாங்கிவந்த பழைய ஃபைபர் பாய்மரப் படகு வெளுத்துக் கிடந்தது. கோவில்பட்டியில் குளிக்கவே தண்ணீர் இல்லை. கண்மாய் பெருகினால் விடுவாளாம். ஒரு வாரமாக உப்புத்தாளால் தேய்ப்பதும் மெழுகு பூசுவதுமாக இருந்தாள்.

புருஷன் காசிராஜனுக்கு வயிறு எரிந்தது.

"எனக்கு ஒரு நாளாச்சும் முதுகு தேய்ச்சிருக்கியாட்டி?"

"ஒங்களுக்கு என்ன, பாலிஷா போயிட்டு? அங்கன போங்க."

போகிற மாதிரி போய், சுவரோரம் நின்று ஒட்டுக்கேட்டார். அவள் படகைக் கொஞ்சினாள்.

"மாப்பிள்ளைக் களை வந்துட்டுலே ஒனக்கு!"

இருபது வருஷத்தில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் 'இந்தாங்க' மட்டும்தான். கொதித்துப்போய்ப் படகின் முன்னால் வந்து நின்றார்.

பெயின்ட் காயாத எழுத்தில் 'காசிராஜன்' என்றிருந்தது.

"புருஷன் பேரைத்தான் சொல்லக் கூடாது. படகு பேரைச் சொல்லலாம்லா?" என்றவள், "ஏலே காசிராஜா, தள்ளி நில்லுலே!" என்றாள்.

"படகையா சொன்ன?"

"படகு எப்படிங்க தள்ளி நிக்கும்?"